குடத்துக்குள் யார் பெயர்?

1945 மே 3-ஆம் தேதி, மதராஸ் உயர் நீதிமன்றத்தில் ஒன்பது ஜூரிகள் தங்கள் முடிவைச் சொன்னார்கள். ஆறு பேர் குற்றவாளி என்றார்கள். மூன்று பேர் இல்லை என்றார்கள். நீதிபதி வியர் மாக்கெட் அந்த ஆறு பேரோடு ஒத்துப்போனார். சினிமா நட்சத்திரங்களான எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் தீவாந்தர தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனார்கள். கூடவே குற்றம் சாட்டப்பட்டிருந்த கோவை பட்சிராஜா ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார்.

லட்சுமிகாந்தன் கொலை வழக்கைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது கொஞ்சநஞ்சமல்ல. 'சினிமா தூது', 'இந்து நேசன்' என்று நட்சத்திரங்களின் அந்தரங்கத்தை அச்சடித்து விற்ற பத்திரிகைக்காரர். 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் கை ரிக்‌ஷாவில் போகும்போது விழுந்த கத்திக்குத்து. மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் மரணம். இது எல்லோருக்கும் தெரிந்த கதை. கிரிமினல் வக்கீலாகவே காலம் தள்ளிய எனக்கு அதில் கண் நிற்கிற இடம் வேறு. அந்த ஆறு என்ற எண்.

1898-ஆம் ஆண்டு கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 305-ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்லியிருந்தது. உயர் நீதிமன்றத்தில் நடக்கும் கிரிமினல் விசாரணைக்கு ஜூரிகள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஒரே குரலில் சொன்னால் அதுதான் தீர்ப்பு. ஒருமித்த கருத்து இல்லையென்றால் குறைந்தது ஆறு பேர் ஒரு பக்கம் இருக்க வேண்டும். நீதிபதியும் அவர்களோடு சேர வேண்டும். ஐந்துக்கு நான்கு என்று பிரிந்திருந்தால் தீர்ப்பே கிடையாது. ஜூரிகளைக் கலைத்துவிட்டு வேறு ஜூரிகளை வைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். 'ஹரிதாஸ்' பிராட்வே தியேட்டரில் கூட்டம் குறையாமல் ஓடிக்கொண்டிருக்க, அதன் நாயகன் சிறைக்குப் போனது ஆறாவது மனிதர் ஒருவரால். அவர் யாரென்று யாருக்கும் தெரியாது. என்ன காரணத்துக்காக அப்படி நினைத்தார் என்று அவரை யாரும் கேட்கவில்லை. சட்டப்படி கேட்கவும் கூடாது.

நான் கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் பல காலமாக இருப்பவன். காலையில் பார்க்கில் நடக்கிற கூட்டத்தில் வக்கீல் என்று இருப்பவன் நான் ஒருவன்தான். அதனால் டி.வி.யில் ஏதாவது பெரிய வழக்கு அடிபட்டால் மறுநாள் என்னைச் சுற்றி ஒரு சபை கூடிவிடும். கூடுகிறவர்களில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் அமெரிக்காவில். "அங்கெல்லாம் ஜூரி இருக்கு சார். சாதாரண ஜனங்க உட்கார்ந்து தீர்ப்புச் சொல்றாங்க. நம்ம ஊர்லயும் ஜூரி இருந்தா இப்படி ஆகுமா?" என்பார் ஒருவர். நம்ம ஊரிலும் இருந்தது சார், இருநூறு வருஷத்துக்கு மேல இருந்தது என்றால் நம்பமாட்டார். அவருக்குச் சொன்னதையும், நடந்துகொண்டே சொல்ல முடியாமல் விட்டதையும் சேர்த்து எழுதியதுதான் இது.

நான் கோட்டுப் போட்ட காலத்தில் ஜூரி முறை செத்துக்கொண்டிருந்தது. 1973-இல் நிறைவேறி 1974 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த புதிய கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கு இடமே இல்லை. ஜூரிகளைப் பார்த்துப் பேசியவர் என் சீனியர். ஐம்பதுகளில் உயர் நீதிமன்ற செஷன்ஸில் ஜூனியராகப் பின்னால் உட்கார்ந்து கட்டுத் தூக்கியவர். சாயங்காலம் சேம்பரில் வேலை முடிந்து வெற்றிலை போடும்போது ஜூரிக் கதைகள் வரும். அவர் சொன்னதில் சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒன்று உண்டு: வழக்கின் பாதி, சாட்சி கூண்டில் ஏறுவதற்கு முன்பே முடிந்துவிடும்.

எப்படி? சீட்டுக் குலுக்கலில்.

ஜூரியாக அழைக்கத் தகுந்தவர்களின் பட்டியல் ஒன்று இருக்கும். அதிலிருந்து சம்மன் போய் வந்தவர்களின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுப்பார்கள். பெயர் கூப்பிடக் கூப்பிட, இரு தரப்பும் ஆட்சேபம் சொல்லலாம். உயர் நீதிமன்றத்தில் காரணமே சொல்லாமல் சர்க்கார் தரப்பு எட்டுப் பேரை வேண்டாம் என்று சொல்லலாம். எதிரி தரப்பும் எட்டுப் பேரை வேண்டாம் என்று சொல்லலாம். எதிரிகள் பத்துப் பேர் இருந்தாலும் மொத்தத்துக்கும் அதே எட்டுதான். அதற்கு மேல் ஒருவரைத் தள்ள வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும்: எதிரிக்குச் சொந்தக்காரர், சாட்சி சொல்லும் மொழியோ அதை மொழிபெயர்க்கும் மொழியோ புரியாதவர், இப்படி. சீனியரின் சீனியர் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பாராம். ஜூரிப் பட்டியலில் உள்ளவர்களின் பெயருக்கு எதிரே என்ன தொழில், எந்தத் தெரு, முன்பு எந்த வழக்கில் உட்கார்ந்தார், என்ன முடிவு வந்தது என்று எல்லாம் குறித்திருக்கும். அந்த நோட்டுதான் அவருடைய இந்தியத் தண்டனைச் சட்டம் என்று சீனியர் சிரிப்பார்.

சீட்டுக் குலுக்கல் என்றதும் நம் ஆட்களுக்கு உத்திரமேரூர் ஞாபகம் வரும். முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லி வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த முறை. மேடைகளில் இதை உலகத்தின் முதல் ஜனநாயகம் என்று முழங்காதவர் இல்லை. கல்வெட்டை முழுக்கப் படித்தால் இன்னொன்றும் தெரியும். ஓலையில் பெயர் ஏற, வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபதுக்குள் இருக்க வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். ஓலை எடுத்த சிறுவனின் கையில் ஒரு கள்ளமும் இல்லை. ஆனால் ஊரில் பெரும்பாலானவர்களின் பெயர் அந்தக் குடத்துக்குள் போகவே இல்லை.

மதராஸ் ஜூரியின் சரித்திரமும் இதேதான். யார் எடுத்தார்கள் என்பதில் பெரிய தப்பு நடக்கவில்லை. யார் பெயரைப் போட்டார்கள் என்பதில்தான் எல்லாமே நடந்தது.

இதன் தொடக்கம் ஜார்ஜ் கோட்டைக்குள். 1665-இல் அசென்ஷியா டாஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி தன் வீட்டு அடிமைப் பெண்ணைக் கொன்றதாக வழக்கு எழுந்தது. அதுவரை கம்பெனியின் ஆட்கள் கொலைக் குற்றத்தை முறைப்படி விசாரித்துப் பழகியவர்கள் இல்லை. லண்டனிலிருந்து அதிகாரம் வந்த பிறகு, கவர்னரும் கவுன்சிலும் ஜூரி வைத்து விசாரித்தார்கள். விசாரித்தவர்களில் சட்டம் படித்தவர் யாரும் கிடையாது. ஜூரிகள் அந்தப் பெண்மணி குற்றவாளி அல்ல என்று சொல்லிவிட்டார்கள். செத்துப்போன பெண்ணின் இனத்தவர் ஒருவர்கூட அந்தக் குடத்தில் இருந்திருக்க வழியில்லை. இந்த மண்ணில் ஜூரி முறை கண் திறந்தது இப்படித்தான்.

1678-இல் கவர்னராக இருந்த ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் இதை ஒழுங்குபடுத்தினார். கவர்னரும் கவுன்சிலும் வாரத்தில் இரண்டு நாள் கோர்ட்டாக உட்கார்வது, பன்னிரண்டு ஜூரிகளை வைத்து வழக்கு நடத்துவது என்று ஏற்பாடானது. பிறகு 1798-இல் ரெக்கார்டர் கோர்ட், 1801-இல் சுப்ரீம் கோர்ட், 1862-இல் இன்றைய உயர் நீதிமன்றம். கட்டடமும் பெயரும் மாறின. ஜூரிப் பெட்டிக்குள் உட்கார்ந்தவர்கள் நெடுங்காலம் வெள்ளைக்காரர்களாகவே இருந்தார்கள்.

1826-இல் பிரிட்டிஷ் பார்லிமென்ட் ஒரு சட்டம் போட்டது. கல்கத்தா, மதராஸ், பம்பாய் நகரங்களில் இந்தியர்களும் ஜூரியாகலாம். உடனே ஒரு வாலும் வைத்தது: கிறிஸ்தவரை விசாரிக்கும் வழக்கில் ஜூரிகள் எல்லோரும் கிறிஸ்தவர்களாகவே இருக்க வேண்டும், வழக்கு விசாரணைக்கு ஏற்றதா என்று முதலில் பார்க்கும் கிராண்ட் ஜூரியிலும் கிறிஸ்தவர்கள்தான். ஆக, ஓர் இந்துவையோ முஸ்லிமையோ கிறிஸ்தவர் விசாரிக்கலாம். கிறிஸ்தவரை இவர்கள் விசாரிக்கக் கூடாது. ராஜா ராம்மோகன் ராய் இதை எதிர்த்துக் கடுமையாக எழுதினார். 1832-இல் இன்னொரு சட்டம் வந்து அந்த வால் போனது.

போன வால் வேறு இடத்தில் முளைத்தது. 1883-இல் இல்பர்ட் மசோதா வந்தபோது, இந்திய நீதிபதிகள் வெள்ளைக்காரரை விசாரிப்பதா என்று நாடு முழுக்க ஆங்கிலேயர்கள் கொதித்தார்கள். கடைசியில் 1884-இல் சமரசமாக வந்த சட்டம், வெள்ளைக்காரக் குற்றவாளி கேட்டால் ஜூரியில் பாதிக்குக் குறையாமல் ஐரோப்பியரோ அமெரிக்கரோ இருக்க வேண்டும் என்றது. குடத்துக்குள் ஓலைகளை நிறம் பார்த்து எண்ணிப் போட்டார்கள்.

வெளியூர்களின் கதை இன்னும் வேடிக்கை. 1861-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பிறகு மதராஸ் மாகாணத்தின் சில மாவட்டங்களில் மட்டும் செஷன்ஸ் கோர்ட்டில் ஜூரி வந்தது. அதுவும் திருட்டு, கொள்ளை போன்ற சொத்துக் குற்றங்களுக்குத்தான். கொலை மாதிரியான வழக்குகளுக்கு அசெசர்கள். அவர்கள் நீதிபதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தங்கள் கருத்தைச் சொல்லலாம். அது நீதிபதியைக் கட்டாது. 1908 ஜூலை 7-ஆம் தேதி திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்குத் தண்டனை கொடுத்த வழக்குக்கும் ஜூரி கிடையாது. 1955-இல்தான் அசெசர் முறையை ஒரேயடியாக எடுத்தார்கள்.

அதே 1908 ஜூலையில் பம்பாயில் திலகர் மீது ராஜத்துரோக வழக்கு. அங்கே ஜூரி உண்டு. ஒன்பது பேரில் ஏழு பேர் ஐரோப்பியர்; இரண்டு பேர் பார்சிகள். வழக்கே 'கேசரி'யில் வந்த மராத்திக் கட்டுரைகளைப் பற்றியது. அந்த ஏழு பேரும் மொழிபெயர்ப்பை வைத்துத்தான் ஒரு மனிதனின் எழுத்தை எடைபோட வேண்டியிருந்தது. முடிவு ஏழுக்கு இரண்டு. திலகர் ஆறு வருஷம் மாண்டலே சிறைக்குப் போனார். ஜூரிகள் கூடி விவாதித்தார்கள் என்று சட்டம் சொல்லிக்கொள்ளும். பெட்டிக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்த எவரும் அந்த முடிவை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

என் வீட்டிலிருந்து பாலம் தாண்டி நந்தனம் வழியாகப் போனால் தேனாம்பேட்டை. அங்கே நியூயிங்டன் என்று ஒரு பங்களா இருந்தது. மைனர் ஜமீன்தார்களைச் சர்க்கார் வைத்துப் படிக்கவைத்த இடம். அதனால் பழைய ஆட்கள் அதை மைனர் பங்களா என்பார்கள். 1919 அக்டோபர் 15 இரவு அந்தப் பள்ளியின் முதல்வர் கிளெமென்ட் டி லா ஹே தூக்கத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். சந்தேகம் சிங்கம்பட்டி, கடம்பூர் மைனர்கள் மீது விழுந்தது. சிங்கம்பட்டி அப்ரூவரானார். கடம்பூர் மீது வழக்கு. செத்தவர் வெள்ளைக்காரர், எதிரி ஜமீன் வாரிசு. ஊரே இரண்டாகப் பேசிக்கொண்டிருந்தது. வழக்கை பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு மாற்றினார்கள். அங்கே ஜூரிகள் கடம்பூரை விடுவித்தார்கள். மதராஸில் உட்காரும் ஒன்பது பேரை நம்ப முடியாது, பம்பாயின் ஒன்பது பேரை நம்பலாம் என்றால், தீர்ப்பு சாட்சியத்தைப் பொறுத்ததா, இடத்தைப் பொறுத்ததா என்ற கேள்வி அப்போதே எழுந்திருக்க வேண்டும். அந்த வழக்குச் செலவின் கடன்தான் சிங்கம்பட்டி ஜமீன் பிற்பாடு மாஞ்சோலைக் காட்டைப் பம்பாய் பர்மா கம்பெனிக்குக் குத்தகைக்கு விடக் காரணம் என்று நெல்லைப் பக்கம் இன்றும் சொல்வார்கள்.

இனி, அந்த ஒன்பது பேர் முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்று பார்ப்போம்.

இரண்டு தரப்பு வாதமும் முடிந்ததும் நீதிபதி ஜூரிகளைப் பார்த்துத் திரும்பி வழக்கைத் தொகுத்துச் சொல்வார். சட்டம் எது என்று சொல்வது அவர் வேலை. நடந்தது எது என்று முடிவு செய்வது ஜூரிகளின் வேலை. பிறகு அவர்களை ஓர் அறைக்குள் அனுப்பிவிடுவார்கள். வெளியே நிற்கும் சேவகர் அவர்களோடு பேச யாரையும் விடமாட்டார். கதவுக்குள் நடப்பது ரகசியம். வெளியே வந்து தலைவர் முடிவைச் சொல்வார். காரணம் சொல்ல மாட்டார்கள். நீதிபதி தீர்ப்பெழுதினால் பக்கம் பக்கமாகக் காரணம் எழுத வேண்டும்; ஒரு வரி பிசகினால் மேல்கோர்ட்டில் கிழித்துத் தோரணம் கட்டலாம். 'குற்றவாளி' என்ற ஒற்றைச் சொல்லில் எதைக் கிழிப்பது? அதனால் வக்கீல்கள் நீதிபதி தொகுத்துச் சொன்னதைப் பிடித்துக்கொள்வார்கள். இதைச் சொல்ல மறந்தார், அதைத் தவறாகச் சொல்லி ஜூரிகளைத் திசைதிருப்பினார் என்பதுதான் ஜூரிகால மேல்முறையீட்டின் மூச்சே.

உயர் நீதிமன்ற செஷன்ஸில் அதுகூட முன்பு கிடையாது. 1943-இல் சட்டத்தில் 411-ஏ என்று ஒரு பிரிவு சேர்க்கப்படும்வரை, உயர் நீதிமன்றத்தில் ஜூரி வைத்துக் கொடுத்த தண்டனைக்கு வழக்கமான மேல்முறையீடே இல்லை. அட்வகேட் ஜெனரல் சான்றிதழ் கொடுத்தால் சட்டப் பிழையை மட்டும் மறுபடி பார்க்கலாம், அவ்வளவுதான். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் அதிர்ஷ்டம் அந்தப் புதிய பிரிவு. ஆனாலும் 1945 அக்டோபரில் உயர் நீதிமன்றம் அவர்களுடைய மேல்முறையீட்டைத் தள்ளியது. லண்டனில் பிரிவி கவுன்சிலுக்குப் போனார்கள். அங்கே அவர்களுக்காக டி.என். பிரிட் வாதாடினார். வழக்கை மறுபடி கேளுங்கள் என்று பிரிவி கவுன்சில் திருப்பி அனுப்பியது. இந்த முறை நீதிபதிகள் ஹேப்பெல், ஷஹாபுதீன். எதிரிகள் தரப்பில் எத்திராஜ். சாட்சியத்தை நீதிபதிகள் தாங்களே வரி வரியாக எடைபோட்டார்கள். 1947 ஏப்ரல் 25-ஆம் தேதி இருவரும் விடுதலை.

அதே சாட்சிகள், அதே ஆவணங்கள். ஒன்பது பேரில் ஆறு பேருக்குக் குற்றமாகத் தெரிந்தது, இரண்டு நீதிபதிகளுக்குத் தண்டனை கொடுக்கப் போதாததாகத் தெரிந்தது. நடுவில் ஏறக்குறைய இரண்டு வருஷம் சிறை. வெளியே வந்த பாகவதருக்குப் பழைய மவுசு திரும்பவே இல்லை, 1959-இல் காலமானார்.

அந்த ஒன்பது பேரை நான் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. அன்றைய மதராஸில் பாகவதரின் 'சிந்தாமணி' பாட்டைக் காதில் கேட்காதவர், 'இந்து நேசன்' யார் கையிலோ மடித்திருப்பதைப் பார்க்காதவர் கிடைப்பாரா? எதிரியும் தெரிந்தவர், செத்தவரும் தெரிந்தவர். சிலருக்குப் பாகவதர் தெய்வம். சிலருக்குச் சினிமாக்காரன் என்றாலே ஒழுக்கம் கெட்டவன். சாட்சிகள் தமிழில் சொல்வார்கள், கோர்ட் ஆங்கிலத்தில் நடக்கும். அதனால் ஆங்கிலம் தெரிந்தவராக, வசதி உள்ளவராக, 21 வயதிலிருந்து 60-க்குள் இருக்கும் ஆணாகப் பார்த்துத்தான் பட்டியல் தயாராகும். பெரிய கம்பெனி உத்தியோகஸ்தர், ஜார்ஜ் டவுன் வியாபாரி, வீட்டு வாடகையில் வாழ்கிறவர். பிராட்வே வாசலில் தரை டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றவர் பெயர் அதில் இராது. வேப்பேரியில் ரிக்‌ஷா இழுத்தவர் பெயர் இராது. அன்று ஆற்றுக்குத் தெற்கே கிராமமாகக் கிடந்த இந்தக் கோட்டூரில் வயல் வேலை பார்த்தவர் பெயர் சத்தியமாக இராது.

'12 ஆங்ரி மென்' என்று 1957-இல் வந்த அமெரிக்கப் படத்தைப் பார்த்தவர்கள் உண்டு. பதினோரு பேர் குற்றவாளி என்று கை தூக்க, ஒருவர் மட்டும் மறுத்து, பேசிப் பேசியே எல்லோரையும் மாற்றுவார். பார்க்கில் இந்தப் படத்தைச் சொல்லாமல் ஜூரிப் பேச்சு முடியாது. அங்கே பன்னிரண்டு பேரும் ஒத்துப்போனால்தான் தீர்ப்பு. அதனால் அந்த ஒற்றை மனிதரோடு மற்றவர்கள் பேசியே ஆக வேண்டும். மதராஸ் சட்டத்தில் அவருக்கு வேலையே இல்லை. ஒருவர் என்ன, மூன்று பேர் முரண்டு பிடித்தாலும் மீதி ஆறு பேர் எழுந்து போய் முடிவைச் சொல்லிவிடலாம். 1945-இல் மூன்று பேர் இல்லை என்றார்களே, அவர்கள் என்ன சொல்லி மறுத்தார்கள், ஆறு பேர் அதைக் காது கொடுத்துக் கேட்டார்களா என்பது அந்த அறையோடு போயிற்று.

ஜூரிகள் எப்போதும் கடுமை காட்டினார்கள் என்றும் இல்லை. 1952 ஆகஸ்டில் ஆளவந்தான் கொலை. பேனா விற்றுக்கொண்டிருந்தவரின் உடல் ஒரு டிரங்குப் பெட்டியில் போட் மெயிலில் போனது. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. கேட்டாலே குலை நடுங்கும் வழக்கு. நீதிபதி ஏ.எஸ். பஞ்சாபகேச ஐயர் முன் 1953-இல் விசாரணை. எதிரிகளில் கணவர் பிரபாகர மேனனுக்கு ஏழு வருஷம், மனைவி தேவகிக்கு மூன்று வருஷம் என்று முடிந்தது. தூக்கும் இல்லை, ஆயுளும் இல்லை. செத்தவரின் நடத்தை பற்றிக் கோர்ட்டில் கேட்டதெல்லாம் எதிரிகளின் பக்கம் இரக்கத்தைக் கொண்டுவந்தது என்று என் சீனியர் சொல்வார். அந்த இரக்கத்தில் எனக்கும் வருத்தமில்லை. ஆனால் ஒரு பெண்ணின் மானத்தையும் பயத்தையும் மையமாக வைத்த அந்த வழக்குக்கும் பட்டியல், ஆண்களை மட்டுமே சொன்ன அதே 1898 சட்டத்தில் பிறந்ததுதான். இங்கிலாந்திலோ 1919-லேயே ஜூரியில் பெண்களுக்கு இடம் வந்துவிட்டது.

ஜூரியை ஒழித்தது நானாவதி வழக்கு என்று ஒரு நம்பிக்கை உண்டு. 1959-இல் பம்பாய் ஜூரிகள் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஒரு கொலை வழக்கில் கடற்படை அதிகாரி நானாவதியைக் குற்றவாளி அல்ல என்றார்கள். 'பிளிட்ஸ்' பத்திரிகை அவருக்காக ஊரையே திரட்டியிருந்தது. செஷன்ஸ் நீதிபதி அந்த முடிவை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கே தண்டனை விழுந்தது. 1961 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. உண்மையில் அதற்கு முன்பே, 1958-இல், செதல்வாட் தலைமையிலான சட்டக் கமிஷன் தன் பதினான்காவது அறிக்கையில் ஜூரி முறையை எடுத்துவிடச் சொல்லிவிட்டது. நானாவதி, சாகக் கிடந்தவருக்குக் கடைசியில் ஊற்றிய பால். இன்று இந்தியாவில் மிச்சம் இருப்பது பார்சிகளின் திருமண வழக்குகளில் உட்காரும் பிரதிநிதிகள் மட்டும்.

நம்மைப் போலவே விட்டவர்கள் வேறு இடங்களிலும் உண்டு. 1950-இல் சிங்கப்பூரில் நடந்த மரியா ஹெர்டோ கலவரத்தில் ஒரு விமானப்படை அதிகாரியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட நால்வருக்கு வாதாடி, ஜூரிகளின் மனத்தில் சந்தேகத்தை விதைத்து, கொலைக் குற்றத்திலிருந்து அவர்களைத் தப்பவைத்த வக்கீல் லீ குவான் யூ. அந்த வெற்றி தனக்கே கசந்தது என்று பின்னால் எழுதினார். அவர் பிரதமராக இருந்த சிங்கப்பூர் 1969-இல் ஜூரியை ஒழித்தது. மலேசியா 1995-இல் விட்டது.

விடாத இடம் இலங்கை. அங்கே இன்றும் ஏழு ஜூரிகள்; ஐந்து பேர் ஒத்தால் தீர்ப்பு. ஆங்கிலம், சிங்களம், தமிழ் என்று மொழிவாரியாகப் பட்டியல். எந்த மொழி ஜூரி வேண்டும் என்று கேட்கும் உரிமை எதிரிக்கு உண்டு. காகிதத்தில் அது நியாயமான ஏற்பாடுதான்: எதிரிக்குப் புரிகிற மொழியில் விசாரணை. 1996-இல் குமாரபுரத்தில் தமிழ்க் கிராமத்தவர்களைச் சுட்டுக் கொன்ற வழக்கு அனுராதபுரத்தில் நடந்தது. 2016 ஜூலையில் ஜூரிகள் ஆறு ராணுவக் கார்ப்பரல்களையும் விடுவித்தார்கள். 2006 நவம்பரில் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் வழக்கில், சிங்களம் பேசும் ஜூரிகள் 2016 டிசம்பர் 24 நள்ளிரவு தாண்டி ஐவரையும் விடுவித்தார்கள். செத்தவரின் மனைவி மக்களுக்கு எந்த மொழி ஜூரி வேண்டும் என்று கேட்கும் உரிமை சட்டத்தில் இல்லை. கோட்டைக்குள் அந்த அடிமைப் பெண்ணுக்கு இல்லாதது, கொழும்பில் ரவிராஜின் வீட்டாருக்கும் இல்லை.

ஜூரி முறையில் நல்லதே இல்லையா என்று கேட்டால், உண்டு. 1670-இல் லண்டனில் வில்லியம் பென் வழக்கில், நீதிபதி சொன்ன முடிவைக் கொடுக்க மறுத்த ஜூரிகளைச் சோறு தண்ணீர் இல்லாமல் அடைத்துப் போட்டார்கள். அவர்கள் அசையவில்லை. அவர்களில் ஒருவரான புஷெல் போட்ட வழக்கில்தான் ஜூரிகளை அவர்கள் முடிவுக்காகத் தண்டிக்கக் கூடாது என்ற விதி பிறந்தது. அரசாங்கத்துக்கு எதிரே ஒரு சாமானியன் கால் ஊன்றி நிற்க அது ஓர் இடம். அந்த இடத்துக்குச் சாமானியன் போய்ச் சேர்ந்தால்தான் அதற்குப் பொருள். மதராஸில் அவனைப் போகவிடவே இல்லை. அதனால்தான் 1973-இல் ஜூரியை எடுத்தபோது கோர்ட்டுக்கு வெளியே யாரும் அழவில்லை. தங்களுடையது என்று ஜனங்கள் நினைக்காத ஒன்றை இழந்ததற்கு ஜனங்கள் எப்படி அழுவார்கள்?

இன்று ஒரே நீதிபதி எழுதுகிறார். காரணம் எழுதுகிறார், அதைப் படித்து, பிடிக்காவிட்டால் மேலே போகலாம். காரணத்தைப் படித்துப் பார்க்கும் இந்தச் சவுகரியம் 1945-இல் பாகவதருக்கு இல்லை. இதை நான் லேசில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அந்த நீதிபதியின் பெயரும் ஏதோ ஒரு குடத்திலிருந்து வருவதுதான். யார் பெயர் உள்ளே போகிறது, யார் பெயர் போவதில்லை என்ற கேள்வி ஜூரியோடு சாகவில்லை.

பார்க்கில் என்னோடு நடக்கிறவர்களுக்கு நான் கடைசியாகச் சொல்வது இதுதான். படிக்கிற உங்களுக்கும் அதுவே. நாளைக்கு யாராவது, மக்களே தீர்ப்புச் சொல்லட்டும் என்று மேடையிலோ டி.வி.யிலோ சொன்னால் கை தட்டுவதற்கு முன் பட்டியலைக் கேளுங்கள். அதில் உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மா பெயர் இருக்கிறதா, செத்தவர் தெருவிலிருந்து ஒரு பெயராவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது மக்கள் தீர்ப்பு அல்ல; பட்டியல் போட்டவர் தீர்ப்பு.